மூன்றரை மணி நேரம் பின்னால்

ஞாயிறு பதினொன்றரைக்குக் கூப்பிடுவான்.
அங்கே அப்போது எட்டு.
அவன் பல் துலக்கியிருக்க மாட்டான்,
இங்கே குழம்பு இறங்கியிருக்கும்.
என்ன குழம்பு என்பான். மொச்சை என்பேன்.
அப்புறம் சத்தமே இருக்காது.
லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டுவேன்.
போயிருக்காது.

கட்டபெட்டுப் பக்கத்து ஃபேக்டரி மூடி,
பச்சை இலை கிலோ பதினொன்றுக்கு இறங்கின வருஷம்
டீமேக்கர் வேலை, மலாவி என்றான்.
மலேசியா என்று காதில் விழுந்து
நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மிச்சி அக்கா இன்றைக்கும் கேட்பாள்:
சிங்கமெல்லாம் வாசலுக்கே வருமாமே?
அவன் இருக்கிற தேயிலைக் காட்டில் சிங்கமில்லை அக்கா,
நாய்தான், கோழிதான்.
போன மாதம் நம் ரேஷன் கடைக் கதவை உடைத்து
பாமாயில் குடித்துவிட்டுப் போனதே கரடி,
அதை அவன் அங்கே சொல்ல
குடோன் பார்க்கிற சிக்கோண்டி நம்பவே இல்லையாம்.
கடை நடு ஊரிலா என்று இரண்டு தரம் கேட்டாராம்.

அங்கே ஆண்களும் கொழுந்து பறிக்கிறார்கள்.
இதைச் சொன்னபோது மட்டும்
கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்,
போனுக்குள்ளேயே.

சனிக்கிழமை அரை நாள் வேலை.
பதினான்கு பேர் வேனில் இருபத்திரண்டாவது ஆளாக ஏறி
எங்கேயாவது போய்விடுவான்.
சாயங்காலம் படம் வரும்:
தேயிலைக்கு நடுவில், சொல்லாமல் கொள்ளாமல்,
ஒற்றையாய் எழுந்து நிற்கிற ஒரு மலை.
ரோட்டோரம் அன்னாசிக் குவியல்.
வெள்ளைச் சோளக் களி, கூட ஏரி மீன்.
அவர்கள் களியை விரலில் உருட்டுகிற விதத்தில்
நம்ம ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டானாம்.
உப்பு மட்டும் போடுவதில்லை.

ஒருமுறை சந்தையில்
மூட்டை பிரித்துக் கொட்டும் பழைய துணிகளில்
சட்டை ஒன்று எடுத்திருக்கிறான்,
அமெரிக்காக்காரன் எவனோ உடுத்திக் கழித்தது.
கழுத்துப் பட்டையில் இந்தியா.
உன் சித்தி மகள் காலர் அடித்ததாயிருக்கும் என்றான்.
திருப்பூருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
காலரா, நான் பட்டன் செக்‌ஷன் என்றாள்.

இத்தனை சனிக்கிழமை அவன் சுற்றியதை
அடுப்பருகே நின்றே கேட்டவள்
இந்த ஆடியில் கணக்குப் பார்த்தேன்.
பிறந்தது கோத்தகிரி, வயது முப்பத்தாறு,
கோடநாடு பதினெட்டு கிலோமீட்டர்.
போனதில்லை.

ஷர்மிக்கு ஸ்வெட்டர் மாட்டி
பத்து மணி பஸ் ஏறிவிட்டேன்.
குழம்பு வைக்கவில்லை.

காட்சிமுனையில் காட்சி இல்லை.
கம்பிக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை.
கீழே மாயாறு இப்படிப் போகும், இங்கே திரும்பும் என்று
வேர்க்கடலைக்காரர்
காற்றில் விரலால் வரைந்து காட்டினார்.
இருபது ரூபாய்க்கு அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

பதினொன்றரை. வீடியோவில் வந்தான்.
எங்கே இருக்கே?
போனைத் திருப்பிக் காட்டினேன்.
ஒண்ணும் தெரியலையே.
எங்களுக்கும்தான்.
அவன் தன் ஜன்னல் பக்கம் திருப்பினான்.
இந்த மாதங்களில் அங்கே ஒரு குளிர்த்தூறல் வரும்,
சிப்பரோனி என்று பேர்,
வந்தால் நாலு நாளைக்கு வேலி கூடத் தெரியாதாம்.
ஷர்மி போனை வாங்கி
இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.
அப்பா, கேமராவைத் துடை.

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.
என்ன குழம்பு என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்,
பஸ்ஸில் வரும்போதே யோசித்தது.
ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம்.
சிலிண்டர் புக் பண்ணியாச்சா என்றான்.
ஆச்சு.

திரும்பி வருகையில்
டிக்கெட் கிழித்துத் தந்த கண்டக்டரிடம்
சிக்கோமோ என்றாள் ஷர்மி,
அப்பா சொல்லிக் கொடுத்த நன்றி.
அவர் காதில் வேறென்னவோ விழுந்திருக்க வேண்டும்.
சில்லறையா இருந்தா கொடு பாப்பா, என்றார்.